சிலுவை வீரனின் கல்

விவாகரத்து ஆன பிறகும் ரெஜிஸும் கிஸ்லேனும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே நேரத்தில்தான் கிளம்பினார்கள். போய்ச் சேரும் இடமும் ஒன்றுதான், காட்டுக்குள் இடிந்து கிடக்கும் சின்னக் கிறிஸ்தவக் கோயில். அங்கே இருக்கும் ஒரு பழைய கல்லைக் காட்ட ஆளுக்கொரு கூட்டத்தை நடத்திக் கூட்டிப்போவார்கள். வழிதான் எதிரெதிர். அவன் பழைய மாவு மில் பாதையில் இறங்குவான். அவள் ஊற்றுப் பாதையில் ஏறுவாள். அவன் பின்னால் பஸ் பிடித்து வந்த கூட்டம் போகும். அவள் பின்னால் ஐந்தாறு பேர் போனால் அதிகம். அதிலும் ஒருவருக்குக் காது கேட்காது.

இருவரும் கிளம்பும் சதுக்கத்தில்தான் என் காபிக் கடை. ரொட்டியும் என்னிடம்தான், தபாலும் என்னிடம்தான். ஆகவே எங்கள் ஊர் வெர்நேஜில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

இரண்டு பாதைகளும் ஓடையில் சந்திக்கும். அங்கே பாலம் என்று சொல்வது, யாரோ எந்தக் காலத்திலோ குறுக்கே போட்ட இரண்டு நீளக் கருங்கற்கள்தான். ஒருவர் பின் ஒருவராகத்தான் கடக்க முடியும். ஒரு மே மாத ஞாயிறு இரண்டு கூட்டமும் ஒரே சமயத்தில் அங்கே வந்து நின்றன. ரெஜிஸ் வழக்கம்போல வெள்ளை அங்கி போட்டிருந்தான். நெஞ்சில் சிவப்புச் சிலுவை. பழங்காலத்தில் ஜெருசலேம் வரை சண்டைக்குப் போனார்களே, அந்தத் துறவி வீரர்களின் வேஷம். கிஸ்லேன் கல்லின் மேல் ஏற்கெனவே ஒரு காலை வைத்திருந்தாள்.

"உழவர் கட்சி கொஞ்சம் ஓரமா நிக்கலாமே. எங்க பக்கம் கூட்டம் அதிகம்," என்றான் ரெஜிஸ்.

"உன்னைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் ஓரமாத்தான் நின்னேன். இன்னிக்கு நீ நில்லு."

ரெஜிஸ் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, இவங்கதான் என் முன்னாள் மனைவி, ஜெருசலேமே இவங்களைவிடச் சுலபமா விழுந்துச்சு என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கிஸ்லேன் கல்லை விட்டு நகரவில்லை. அவளுடைய ஆட்கள் ஒவ்வொருவராக அவள் பின்னால் வந்து வரிசையாக நின்றுகொண்டார்கள். கடைசியில் பின்வாங்கியது அவன்தான். பின்வாங்கும்போது அங்கியின் நுனி சேற்றில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு போக இடம் இருந்தும் அதை மிதித்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை என் கடையில் ரெஜிஸ் அதை வேடிக்கைக் கதையாகச் சொன்னான். அவனுக்கு அது கைவந்த கலை. லிமோஜ் நகரத்தில் இன்ஷூரன்ஸ் விற்றவன், கிஸ்லேனைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் ஊருக்கு வந்தவன். அவள் இந்த ஊர்ப் பெண். ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோகும் நூலக வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். சிரிக்க மாட்டாள், சிரிக்க வைக்கவும் தெரியாது. அவளோடு பேச உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது நமக்கு ஏதோ ஒன்று தெரியவில்லை என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

கல்லைக் கண்டுபிடித்தது இருவரும் சேர்ந்துதான். அதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காட்டுப் பாதையை ஊர் மறந்தே போயிருந்தது. முள்ளும் பெரணியும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தன. ஒரு குளிர்காலம் முழுக்க இருவரும் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு போய் வெட்டினார்கள். கண்நோய்க்கு நல்லது என்று பழைய ஆட்கள் சொன்ன ஊற்றைத் தோண்டித் தூர் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் மரவேர் தொங்க, ஆள் தலைக்கு மேல் கரை உயர்ந்து நிற்கும் பள்ளப்பாதையைச் சுத்தம் செய்தார்கள். கோயிலின் வடக்குச் சுவரோரம் முட்புதரை இழுத்தபோதுதான் அந்தப் பலகைக் கல் தெரிந்தது. ஒரு கல்லறை மூடி. அதன்மேல் ஒரு சிலுவையும், பக்கத்தில் நீளமாக ஏதோ ஒன்றும் செதுக்கியிருந்தது.

எங்கள் பக்கத்தில் பழைய கல்லறைகளில் பெயர் இருக்காது. செத்தவன் தையற்காரன் என்றால் கத்தரிக்கோல், கொல்லன் என்றால் சுத்தியல், அவ்வளவுதான். கிஸ்லேன் பார்த்த உடனேயே சொன்னாளாம், இது ஏரின் கொழு, உழவன் ஒருவனின் கல் என்று. ரெஜிஸ் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, எனக்கென்னவோ வாள் மாதிரி தெரியுது என்றானாம். அப்போது இருவரும் சிரித்தார்கள். அன்று இரவு என் கடையில் ஒரு பாட்டில் ஒயின் வாங்கி இருவரும் குடித்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வசந்தத்தில் அது வாளாகிவிட்டது. பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து படம் எடுத்தான். படத்தில் கைப்பிடியின் குறுக்குக் கம்பியும், நுனியில் உருண்டையான குமிழும் தெளிவாகத் தெரிந்தன. யார் பார்த்தாலும் வாள் என்றுதான் சொல்வார்கள். அந்தப் படம் வந்த வாரம்தான் கிஸ்லேன் அவனை வீட்டை விட்டுத் துரத்தினாள்.

வேறொரு பெண் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். விஷயம் தயிர். ரெஜிஸுக்குத் தயிர் என்றால் குமட்டும். அப்படிப்பட்டவன் காரில் தயிர் டப்பாக்கள் காலியாகக் கிடந்தன. கிஸ்லேன் ஒரு நாள் தனியாகக் கோயிலுக்கு நடந்து போனாள். கல்லில் புதுக் கோடுகள், அதன்மேல் தயிர் பூசியிருந்தது. தயிர் பூசினால் கல்லில் சீக்கிரம் பாசி பிடிக்கும், பழசு போலத் தெரியும். அவள் இதை மேயர் பெய்ரோவிடம் போய்ச் சொன்னாள். அவர் அந்தக் கல்லைக் காட்டி மானியத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்ட நேரம் அது. சிற்பம் பற்றி எனக்கென்னம்மா தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்னிடமும் வந்து சொன்னாள். புருஷனைத் துரத்தியவள் வேறு எப்படிப் பேசுவாள் என்று நினைத்து, நான் காபி இயந்திரத்தைச் சத்தமாக ஓடவிட்டேன். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன் கூட்டத்தைக் கல் முன்னால் நிறுத்தி, இது உழவன் கல் என்று மட்டும் சொல்வாள். யார் செதுக்கினார்கள் என்ற பேச்சே எடுக்க மாட்டாள்.

ஊருக்கு நல்ல காலம் வந்தது. நெடுஞ்சாலையில் 'சிலுவை வீரனின் கிராமம்' என்று பழுப்புப் பலகை நட்டார்கள். மூடிக் கிடந்த இரண்டு வீடுகள் விருந்தினர் விடுதிகள் ஆயின. பக்கத்து ஊரில் பீர் காய்ச்சும் ஒருவன் அந்த வாளை லேபிளில் போட்டு எனக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பினான், நானும் விற்றேன். ரெஜிஸ் மட்டும் தன் கதையை நிறுத்தவில்லை. முதலில் வீரன் மட்டும்தான் இருந்தான். பிறகு அவனுக்கு ஒரு காயம் வந்தது, பிறகு ஒரு சாபம், கடைசியில் ஜெருசலேமிலிருந்து கொண்டுவந்த தங்கம். எங்கே புதைத்தான் என்று யாராவது கேட்டால் ரெஜிஸ் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் காட்டைப் பார்ப்பான்.

காட்டைப் பார்த்தவர்கள் காட்டுக்கு வந்தார்கள். உலோகம் தேடும் கருவியும் மண்வெட்டியும் கொண்டுவந்தார்கள். பகலில் சாதாரண நடைக்காரர்களைப் போல என்னிடம் ரொட்டி வாங்குவார்கள். விடிந்து பார்த்தால் கோயில் சுவரடியில் குழி, ஊற்றங்கரையில் குழி, பாதையில் குழி. போலீஸ் ஒரு தடவை வந்து போனது. குழியைத் தோண்டிய எவனும் அதை மூடவில்லை. சிலர் மேலே கிளையையும் சருகையும் தள்ளி மறைத்துவிட்டுப் போனார்கள்.

அர்மான் என்று ஒருவன், எங்கள் ஊரின் கடைசிப் பெரிய விவசாயி. ஓடைக்கு மேலே செங்குத்தான காடு அவனுடையது. டிராக்டர் ஏறாத அந்தச் சரிவில் வெட்டிய மரங்களை இழுத்து வர ஒரு கனத்த சிவப்புப் பெண் குதிரை வைத்திருந்தான். ரூசெத் என்று பேர். மனுஷர்களிடம் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவன், அதனிடம் நாள் முழுக்கப் பேசுவான். செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை, பாரம் இழுத்துக்கொண்டு பள்ளப்பாதையில் இறங்கியபோது ரூசெத்தின் முன்னங்கால் சருகு மூடிய குழிக்குள் போனது. பின்னால் வந்த மரமும் அதன்மேல் சரிந்தது. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஊசி போடுவதைத் தவிர வழியில்லை என்றார். அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அர்மான் பாதையிலேயே உட்கார்ந்திருந்தான் என்று டாக்டர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மறுநாள் அவன் என் கடைக்கு வந்தான். கடை நிறைய ஆட்கள். ரெஜிஸும் மேயரும் ஜன்னலோர மேஜையில் இருந்தார்கள். பாரம்பரிய நாள் விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து பெரிய ஆட்கள் வருவதாக ஏற்பாடு. ரெஜிஸ் எழுந்து வந்து அர்மானின் தோளில் கை வைத்தான். தனக்கும் வருத்தம் என்றான். புதுக் குதிரை வாங்க ஊரில் ஒரு வசூல் செய்யலாம், தன் நடையில் வருபவர்களிடமும் கேட்கலாம் என்றான்.

அர்மான் அந்தக் கையைப் பார்த்தான்.

"குழி தோண்டினவன் யாருன்னு எனக்குத் தெரியாது. அவனைக் கூப்பிட்டவன் யாருன்னு தெரியும்."

மேஜையில் பாதி குடித்து வைத்திருந்த, வாள் லேபிள் போட்ட பீர் பாட்டிலை எடுத்து ரெஜிஸின் ஷூவின் மேல் மெதுவாகக் கவிழ்த்தான். கடைசிச் சொட்டு வரை ஊற்றினான். பிறகு பாட்டிலை ஒழுங்காக மேஜையில் வைத்துவிட்டுப் போனான். மேயர்தான் முதலில் பேசினார். பாவம், துக்கத்தில் இருக்கிறான், விழா முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

விழா நாளில் நானும் மேலே போயிருந்தேன். கோயில் முன்னால் கட்டை மேஜை போட்டு பீரும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் விற்றேன். நல்ல வெயில். நல்ல கூட்டம். மேயர் தன் பதவிக்குரிய மூவர்ணப் பட்டையைத் தோளில் போட்டிருந்தார். பெரிய ஆட்கள் இருவர் சுத்தமான ஷூவோடு வந்து, நடக்க இடம் பார்த்துப் பார்த்து நின்றார்கள். ரெஜிஸ் கல்லின் தலைமாட்டில் நின்று, வீரன் காயத்தோடு குதிரையில் இந்த ஓடையைக் கடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கிஸ்லேன் தன் நான்கு பேரோடு ஓரத்தில் காத்திருந்தாள். அவன் முடித்தால்தான் அவளுக்குக் கல் கிடைக்கும். அவன் வேண்டுமென்றே முடிக்காமல் நீட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது புல்வெளிப் பக்கமிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. அர்மான் நேராகக் கூட்டத்துக்குள் ஓட்டி வந்தான். ஆட்கள் விலகினார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துச் சிலர் கைதட்டவும் செய்தார்கள். அவன் இறங்கி, மரம் இழுக்கும் சங்கிலியை எடுத்துக் கல்லின் ஒரு முனைக்கு அடியில் கொடுக்கத் தொடங்கினான். கைதட்டல் நின்றது.

என்ன செய்யறே என்று மேயர் கேட்டார். குளத்தில் போடப் போகிறேன் என்றான். கல் இருப்பதால்தானே தோண்ட வருகிறார்கள், கல் போனால் அவர்களும் போவார்கள் என்றான். இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. ரெஜிஸ் இரண்டு அடி பின்னால் போய், இது தேசத்தின் சொத்து, யாராவது போலீஸுக்குப் போன் செய்யுங்கள் என்றான். தடுக்க அவன் கையை நீட்டவில்லை.

கிஸ்லேன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி, கிஸ்லேன்," என்றான் அர்மான்.

"மாட்டேன்."

"அவன் பொய்க்கு நீ எதுக்குக் காவல் காக்கிற?"

"பொய் அவனோடது. கல்லு அவனோடது இல்ல."

அர்மான் சங்கிலியை விடவில்லை. அவள் கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்தால் அவள் விரல்கள் நசுங்கும். இருவரும் அப்படியே முறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"இது உழவன் கல்லு, அர்மான். உன்னை மாதிரி ஒருத்தன். இந்த மண்ணை உழுதவனுக்கு அவன் ஜனங்க வச்ச ஒரே அடையாளம். இதையும் குளத்துல போட்டுட்டு நீ என்ன செய்வே?"

"அப்ப இந்த வாளை வச்சது யாரு?"

அவள் ரெஜிஸைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மெல்லச் சிரித்துக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்கும்படி, விவாகரத்து ஆனவங்க வயித்தெரிச்சலைத் தயவுசெஞ்சு பொறுத்துக்குங்க என்றான். யாரோ ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் கிஸ்லேன் அன்றும் வாயைத் திறந்திருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

அவள் எழுந்தாள். முதுகுப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கல்லின் மேல் ஊற்றினாள். கழுத்தில் இருந்த துணியைக் கழற்றி, முட்டி போட்டுத் தேய்த்தாள். முதலில் சிலுவையைத் தேய்த்தாள். அந்தக் கோடுகளுக்குள் சாம்பல் நிறக் கல்பாசி கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தது. எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. அடுத்து அந்த நீண்ட அலகைத் தேய்த்தாள். அதுவும் அப்படித்தான். பிறகு குறுக்குக் கம்பியைத் தேய்த்தாள். பச்சையாக இருந்ததெல்லாம் சளி போலத் துணியோடு வந்துவிட்டது. குமிழும் அப்படியே. கோடுகள் வெள்ளை வெளேரென்று, நேற்று உடைத்த கருங்கல் போலத் தெரிந்தன. உளியின் கொத்துகளைக்கூட எண்ணலாம். அந்த இரண்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் வாள் இல்லை. காம்பு நீண்ட ஒரு கொழு கிடந்தது. நான் உட்பட அங்கே பிறந்து வளர்ந்த எல்லோர் வீட்டுக் கொட்டிலிலும் ஒரு காலத்தில் கிடந்ததுதான்.

சுத்தமான ஷூக்காரர்களில் ஒருவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து மேயரைப் பார்த்தார். மேயர் மரங்களைப் பார்த்தார்.

"நீதானா?" என்று அர்மான் ரெஜிஸைக் கேட்டான்.

ரெஜிஸ் மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். ஒரு நிமிஷம் அவன் வாய் அதற்குத்தான் தயாரானது. பிறகு என்ன தோன்றியதோ, அங்கியின் கழுத்துப் பட்டனைக் கழற்றினான்.

"ஆமா, நான்தான். இங்க யாருக்குத் தெரியாது? பெய்ரோ, உங்களுக்குத் தெரியாதா? இவ உங்ககிட்ட வந்து சொன்னாளே. நதேஜ், உனக்குத் தெரியாதா? அந்த லேபிள் போட்ட பீரை எத்தனை பெட்டி வித்தே? நான் கல்லுல ரெண்டு கோடு போட்டேன். மிச்சத்தை எல்லாம் நீங்கதான் செதுக்கினீங்க. உழவன் கல்லைப் பாக்க யாராவது பஸ் ஏறி வந்திருப்பானா? அவ பின்னால போறது நாலு பேரு. அதுல ஒருத்தருக்குக் காது கேக்காது."

எனக்கு முகம் எரிந்தது. வெட்கமா, ஆத்திரமா என்று கேட்டால் ஆத்திரம்தான். அவன் என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அர்மான் சங்கிலியைக் கல்லடியிலிருந்து உருவினான். ரெஜிஸை அடிக்கப் போகிறான் என்று நினைத்துச் சிலர் பின்வாங்கினார்கள். அவன் ரெஜிஸைக் கடந்து என்னிடம் வந்தான். மேஜையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தான். பாட்டில்கள் சரிவில் உருண்டு ஒன்றோடொன்று மோதி உடைந்தன. ரொட்டிகள் மண்ணில் விழுந்தன. யாரும் அவனைத் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. டிராக்டரில் ஏறும்போது கிஸ்லேனைப் பார்த்து ஒன்று சொன்னான்.

"முன்னாலயே சொல்லியிருந்தா என் குதிரை உசிரோட இருந்திருக்கும்."

அவள் கல்லைத் தேய்த்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. லிமோஜிலிருந்து தொல்லியல்காரர்கள் வந்து கல்லை அளந்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏதோ ஒரு கிடங்கில் இருக்கிறதாம். பாதுகாப்புக்காம். பழுப்புப் பலகையைப் பிடுங்கினார்கள். விடுதிகள் இரண்டும் மறுபடி ஜன்னலை மூடின. பீர்க்காரன் லேபிளில் இப்போது நரியைப் போடுகிறான். குளிர்காலத்தில் நான் கடையை வாரத்தில் பாதி நாள்தான் திறந்தேன்.

ரெஜிஸ் அபராதம் கட்டினான். அவன் ஊரை விட்டுப் போவதற்கு முன் என் கடையில் ஒரு சின்ன விருந்து நடந்தது. அதில் பாதி ஊர் இருந்தது. அவனைக் கட்டிப்பிடித்து வழியனுப்பினார்கள். இப்போது வடக்கே ஏரிப் பக்கம் ஒரு ஊரில் ஓநாய் மனிதன் நடமாடிய காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போகிறானாம். நல்லா இருக்கிறான் என்று சொல்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அவன்மேல் கோபமே இல்லை. அவன் பொய் சொன்னான், ஆனால் எங்களுக்காகச் சொன்னான் என்பது பேச்சு.

கோபமெல்லாம் கிஸ்லேன் மேல்தான். பெரிய ஆட்கள் முன்னால் வைத்து உடைத்தாள், பழிவாங்க நாள் பார்த்திருந்தாள், ஊரின் கல்லை லிமோஜுக்குத் தூக்கிக் கொடுத்தாள். அவள் கேட்டில் யாரோ சாணியை அள்ளிப் பூசினார்கள். நூலக வண்டியில் இருந்து அவள் ஓய்வு பெற்ற அன்று மேயர் அலுவலகத்தில் வழக்கமாகக் கொடுக்கும் பூச்செண்டு கொடுக்கவில்லை. ரொட்டி வாங்க அவள் வந்தால் கடையில் பேச்சு நின்றுவிடும். நான் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி மேஜைமேல் வைப்பேன், கையில் கொடுக்க மாட்டேன். அவளும் எதிர்பார்க்க மாட்டாள்.

மேயர் தன் பங்குக்குப் பாதையை மூடினார். குழிகளால் ஆபத்து என்று ஆணை எழுதி, இரண்டு முனையிலும் கம்பம் நட்டுச் சங்கிலி போட்டார். கிஸ்லேன் சங்கிலியைத் தாண்டி நடந்தாள். அபராதம் போட்டார்கள். கட்டிவிட்டு மறு ஞாயிறும் நடந்தாள். யாரும் கூட வரவில்லை. காது கேட்காதவரும் வரவில்லை.

மார்ச்சில் அவள் மண்வெட்டியோடு போக ஆரம்பித்தாள். குழிகளை ஒவ்வொன்றாக மூடினாள். பள்ளப்பாதையில் ரூசெத் விழுந்த இடத்தில் மண் போதவில்லை. கரையைக் கொத்தினால் வேர் அறுந்து மரம் சாயும். அவள் கீழே ஓடையிலிருந்து கூடையில் சரளையைச் சுமந்து ஏற்றினாள். அர்மான் தன் காட்டிலிருந்து அதைச் சில நாள் பார்த்திருக்கிறான். ஒரு காலை அவள் போனபோது பாதையோரம் ஒரு டிரெய்லர் மண் கொட்டிக் கிடந்தது. அவன் மேலே மரம் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் ஏறிப் போய் நன்றி சொன்னாளாம்.

"உனக்காகக் கொட்டல," என்றானாம் அவன். ரம்பத்தை நிறுத்தக்கூட இல்லை.

இதை எனக்குச் சொன்னது அவனும் இல்லை, அவளும் இல்லை. தபால்காரி அங்கே வண்டியை நிறுத்தியிருந்தாள்.

குழிகள் மூடிய பிறகு பாதையை மூடி வைக்க மேயருக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. கம்பங்கள் இன்னும் நிற்கின்றன, சங்கிலிதான் இல்லை. இந்தக் கோடையில் அவளோடு நடக்க வெளியூரிலிருந்து சிலர் வருகிறார்கள். லிமோஜ்க் கிடங்கில் இருக்கும் கல்லைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டு, அது கிடந்த இடத்தைப் பார்க்க வருகிறவர்கள். இடத்தில் ஒன்றும் இல்லை, தொட்டால் அரிக்கும் காஞ்சொறிச் செடி முளைத்த ஒரு நீள்சதுரம். அவள் அதன் முன்னால் அரை மணி நேரம் பேசுகிறாள் என்று கேள்வி.

அவர்கள் முன்பு போலச் சதுக்கத்தில் கூடுவதில்லை. அவள் அவர்களைக் கல்லறைத் தோட்டத்தின் பின்புறம் வரச் சொல்லி, அங்கிருந்தே வயல் வழியாகக் கூட்டிப் போய்விடுகிறாள். வெர்நேஜில் யாரும் அவர்களிடம் ஒரு ரொட்டிகூட விற்கக் கூடாது என்பது அவள் எண்ணம். அவர்கள் கார்கள் போவதையும் வருவதையும் நான் கடையில் இருந்தபடியே பார்க்கிறேன். போன வாரம் அவள் தனியாக எதிரே வந்தாள். ஒதுங்கத் தேவையில்லாத அகலமான சாலை. வணக்கம் சொல்லலாமா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.